சுண்ணாம்பு மட்டை இல்லாமல் நின்ற நாள்

எய்யா முத்து,

உறையின் மேல் இங்கிலீஷில் இருக்கும் விலாசம் டீச்சரம்மா எழுதியது. உள்ளே இருப்பதெல்லாம் என் கை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நானே எழுதினேன். லேபர் கேம்ப் வாசகசாலையில் நான் எழுத்துப் படிக்கச் சாயங்கால வகுப்புக்குப் போவதாகப் போன தடவை நீ வந்தபோது அம்மா சொன்னாள். நீ சிரித்தாய். அறுபது தாண்டியவன் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் முத்து, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மளிகைக்கடைப் பலகையைப் படிக்கிறேன். வெல்லம் சுற்றி வந்த காகிதத்தைப் படிக்கிறேன். அம்மா அடுப்பு மூட்ட எடுக்கும் பழைய பேப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு திட்டு வாங்குகிறேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒன்பது சாயங்காலம் ஆயிற்று. ஆகவே நீயும் மெதுவாகப் படி.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதுவார். நல்ல மனுஷர். ஆனால் இன்னொருவர் பேனாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொந்த மகனிடம் என்ன சொல்ல முடியும்? நலம், நலமறிய ஆவல், மழை பிடித்திருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஐந்து வருஷமாக நமக்குள் நடந்தது அவ்வளவுதான். கேட்க வேண்டியதை நீ கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை நானும் சொல்லவில்லை.

பதினைந்து நாளைக்கு முன் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, அவர் படிப்பதற்கு முன் நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். சாமி பெயர், முகூர்த்தம், பெண் வீட்டுச் செம்பூர்க்காரர்களின் பெயர்கள், பிறகு உன் பெயர், அதன் மேலே என் பெயர். அச்சில் என் பெயரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அதற்கு அடுத்த வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பெயிண்ட் கம்பெனி மேஸ்திரி, ஓய்வு.'  அந்தப் பொய்யை நீ சொல்லவில்லை. நான் உனக்குச் சொன்ன பொய்யைத்தான், பொய் என்று தெரிந்த பிறகும், நீ மரியாதையாக அச்சுக்குக் கொடுத்திருக்கிறாய்.

அது தொடங்கிய இடம் உனக்கு நினைவிருக்காது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்கப் போன நாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார், "அப்பாவுக்கு என்ன வேலை?" நான் உள்ளதைச் சொன்னேன். "நாக்கா முக்குல நிக்கேன் சார். வெள்ளையடிக்கக் கூப்பிடுவாக, போவேன்." அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாவே?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாய். சிரிப்பது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாத பார்வை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே உனக்கு ஒரு கம்பெனியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பெயர் மட்டும் நிஜமான ஒரு பெயிண்ட் கம்பெனியுடையது. பெரிய கேட், வாட்ச்மேன், காலையில் ஊதும் சங்கு. என்னை அதில் பெயிண்டராகச் சேர்த்துவிட்டேன். நீ பெரிய வகுப்புக்குப் போனபோது மேஸ்திரியாக உயர்ந்தும் கொண்டேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "பிள்ளைகிட்ட எதுக்கு இந்தப் பவுசு?" என்று முதலில் சண்டை போட்டாள். பிறகு அவளும் என் பொய்க்குள் குடிவந்துவிட்டாள். கம்பெனிக்குப் போகிறவன் அழுக்குத் துணியோடு போக முடியுமா? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவேன். வேலைத்துணி, வாளி, மட்டை எல்லாம் நாக்காவில் இருக்கும் மலையாளத்தார் டீக்கடையில் கிடக்கும். அங்கே துணி மாற்றிக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் குளித்து, மறுபடி துணி மாற்றி, கம்பெனி விட்டு வருகிறவனாக வருவேன்.

கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் நாக்கா முக்கின் வழக்கம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். நாங்கள் யாரும் கூவி வேலை கேட்பதில்லை. ஆசாரி ரம்பத்தைப் பிடித்து நிற்பான், கொத்தன் கரண்டியைப் பிடித்து நிற்பான். வெள்ளையடிப்பவன் சுண்ணாம்பு அடிக்கும் பனைநார் மட்டையை நெஞ்சுக்கு நேரே, அதன் நார்முனை மேலே இருக்கும்படி பிடித்து நிற்க வேண்டும். வருகிற ஆள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பான். கையில் சாமான் இல்லாமல் நிற்பவனை நாக்காவில் நாங்களே சேர்க்க மாட்டோம்.

அந்த மழைக்காலத்துக் காலை, சீனாச் சண்டைக்கு அடுத்த வருஷம், டீக்கடைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கடை பூட்டியிருந்தது. என் மட்டை உள்ளே. திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். நீ அன்று வேலைக்குக் கிளம்பாமல் காய்ச்சலில் படுத்திருந்தாய். 'ஏம்ப்பா, கம்பெனி லீவா?' என்று கேட்பாய். அதற்குப் பயந்து எதிர்க் கட்டிடத்து வாசலில் ஒதுங்கி நின்றேன். சலவைச் சட்டை, வெறும் கை. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். போலீஸ் வண்டி வந்தது.

"ஏய் மதராசி, இதர் க்யூன் கடா ஹை?" ஏன் இங்கே நிற்கிறாய் என்று அதிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் கேட்டார்.

"வேலைக்கு, சாப்."

"எங்கே வேலை? யாரிடம் வேலை?"

என்ன சொல்வது? இன்னும் யாரும் கூப்பிடவில்லை. அதைத்தான் என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பின்னால் இருந்த கட்டிடத்தைப் பார்த்தார். வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் ஒரு காகிதத்தில் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். சுண்ணாம்பு தின்ற விரல், ரேகை விழவில்லை. மூன்று தடவை அழுத்தினார்கள், மூன்றும் வெறும் கறைதான். "ரேகையே இல்லாத திருடன்" என்று ஒரு கான்ஸ்டபிள் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு எதுவும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாக் காகிதமும் ஒன்றுதான்.

பிறகு விசாரிக்க நம் வீட்டுக்கு வந்தார்கள். காய்ச்சலோடு எழுந்து வந்து நீ சொன்னாய், என் அப்பா இன்ன கம்பெனியில் மேஸ்திரி என்று. அவர்கள் அந்தக் கம்பெனியில் போய்க் கேட்டார்கள். அப்படி ஒருவன் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இப்போது நான் உன்னிடம் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இந்த ஒரு பத்தியை எழுத மட்டும் மூன்று சாயங்காலம் ஆயிற்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மாஜிஸ்திரேட் கேட்டதைத் தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா எனக்குச் சொன்னார். "உங்க மகன் கம்பெனிங்கறாரு, நீங்க வெள்ளையடிக்கேன்கறீங்க. ரெண்டுல எது பொய்னு கேக்காரு. பதில் சொல்லுங்க பெரியவரே." ஒரே ஒரு வாக்கியம் போதும். 'என் மகனிடம் நான் பொய் சொல்லி வைத்திருந்தேன்.' அதைச் சொல்லியிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூட வரிசையில் அண்ணாந்து பார்த்த அதே பார்வை உன் முகத்தில் இருந்தது. வாய் வரவில்லை, முத்து. சும்மா நின்றேன். 'திருப்தியான விவரம் சொல்லவில்லை' என்று எழுதிக்கொண்டார். என் நன்னடத்தைக்கு இரண்டு வசதியான ஆட்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஜெயில் என்றார்கள். நம்மிடம் வசதியான ஆள் யார் இருந்தார்கள்?

நீ சொன்ன வார்த்தையால்தான் அப்பா உள்ளே போனார் என்று நினைத்துத்தான் நீ ரயில்வே வேலை கிடைத்ததும் பூசாவலுக்கு ஓடினாய். அம்மாவிடம் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாய், அவள் எனக்குச் சொன்னாள். இல்லை எய்யா. நீ அறிந்த உண்மையை நீ சொன்னாய். நான் அறிந்த உண்மையை நான் சொல்லவில்லை.

ஏழு வாரம் உள்ளே இருந்தேன். அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. மாட்டுங்காவில் நான் வருஷா வருஷம் வெள்ளையடிக்கும் வக்கீல் ஐயா வீட்டுக்கு நேராகப் போனாள். "ஐயா, இந்த வருஷம் உங்க வீட்டுச் சுவத்துக்கு ஆள் வராது. அந்த ஆளுக்குப் பிழைப்பே இல்லைன்னு பிடிச்சு வச்சிருக்காக" என்றாளாம். அவர் அன்றே காகிதங்களை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

ஹைகோர்ட்டில் நடந்தது இங்கிலீஷில். வக்கீலின் ஜூனியர் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். வக்கீல் ஐயா இரண்டு பேச்சுப் பேசினார். முதலாவது எனக்காக. அந்த மூன்று கறைகளைக் காட்டி, "இந்த விரலைச் சுண்ணாம்பு தின்றிருக்கிறது. இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வேறு என்ன வேண்டும்?" என்று கேட்டார். நான் வெள்ளையடித்த வீட்டுக்காரர்கள் நான்கு பேர் எழுதிக் கொடுத்ததையும் வைத்தார். இரண்டாவது பேச்சு, பிழைப்பு தெரியாதவனையும் தன்னைப் பற்றித் திருப்தியாகச் சொல்லாதவனையும் பிடிக்கலாம் என்கிற அந்தச் சட்டத்தைப் பற்றி. திருடாதே என்றால் எது திருட்டு என்று மனிதனுக்குத் தெரியும், விலகி நடப்பான். தன்னைப் பற்றித் திருப்தியாகச் சொல் என்றால், யாருக்குத் திருப்தி? எவ்வளவு சொன்னால் திருப்தி? எதைச் செய்யாமல் இருந்தால் தப்பலாம் என்று தெரியாத ஒரு சட்டத்தை வைத்து ஒருவனின் சுதந்திரத்தைப் பறிப்பது நம் அரசியல் சட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு ஜட்ஜ் முன்னால் சாய்ந்து, "அப்படியானால் பூட்டு உடைகிற வரை போலீஸ் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. வக்கீல் ஐயா சொன்னார், "வேண்டாம். பூட்டைத் தொட்டவனைப் பிடிக்கட்டும். மழைக்கு ஒதுங்கியவனை விடட்டும். இந்த வித்தியாசம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்."

தீர்ப்பில் எனக்கு விடுதலை. கீழ்க் கோர்ட்டு சரியாக விசாரிக்கவில்லை, இவருக்குப் பிழைப்பு இருக்கிறது என்றார்கள். இவர் விடுதலையாகிவிட்டதால் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதற்குள் இப்போது போக வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நான் வெளியே வந்தேன். அந்தக் கேள்வி உள்ளேயே இருந்துவிட்டது.

வராந்தாவில் வக்கீல் ஐயா என் தோளில் கை வைத்தார். "பெரியவரே, அந்தக் கேள்வியை மட்டும் தனியா எடுத்துண்டு மறுபடி உள்ள போலாம். உங்க பேர்ல ஒரு மனு. நாளைக்கே உங்களை மறுபடியும் பிடிக்கலாமோல்லியோ? எனக்கு ஃபீஸ் வேண்டாம்."

"பேப்பர்ல பேர் வருமா ஐயா?"

"வரலாம்."

"வேண்டாம் ஐயா. பையனுக்குப் பொண்ணு பாக்கணும்."

 அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பெரியது, நாக்காவில் வெறுங்கையோடு நின்றது என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன். மட்டை கையில் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, எல்லாம் என் பொய்க்குக் கிடைத்த கூலி என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதனால் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

போன மாதம் சுடலையைப் பிடித்துவிட்டார்கள். என்னோடு இருபது வருஷம் பக்கத்தில் நின்றவன், உனக்குத் தீபாவளிக்கு மத்தாப்பு வாங்கிக் கொடுப்பானே, அவன்தான். அதே நாக்கா, அதே சட்டம். ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன அண்ணாச்சி, இப்ப எழுத்தெல்லாம் படிக்கீராமே? உள்ள நல்ல போர்டு மாட்டியிருக்கான், வந்து படிச்சுச் சொல்லிட்டுப் போம்" என்று சிரித்தான்.

"ஏலே, மட்டை எங்கலே? கையில வச்சிருக்கல்லியா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

"மட்டையா? மட்டை இருந்துச்சு, வாளி இருந்துச்சு, வாளி நிறையச் சுண்ணாம்பு இருந்துச்சு. மேலெல்லாம் வெள்ளையா பேய் மாதிரி நின்னேன். வெள்ளையடிக்கப் போற சாக்குல வீட்டை நோட்டம் பாக்க வந்தவன்னு எழுதிட்டான்." சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, நீரு அன்னைக்கு அந்தக் கேள்வியக் கேட்டிருந்தீர்னா, நான் இங்க கல்லு ரொட்டி தின்ன வேண்டாம்லா." உடனே, "சும்மா சொன்னேன்வே, மூஞ்சியத் தூக்காதீரும்" என்றான். அவன் சும்மா சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக வக்கீல் ஐயா வீட்டுக்கு நடந்தேன். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கையில மட்டை இல்லேன்னாலும் பிடிக்கலாம், இருந்தாலும் பிடிக்கலாம். இதைத்தான் அன்னிக்கு ரெண்டு மணி நேரம் இங்கிலீஷ்ல சொல்லப் பார்த்தேன். உங்க சுடலை ஒரு வரியில சொல்லிட்டார்" என்றார். இந்தத் தடவை அவர் விடுதலை மட்டும் கேட்கப் போவதில்லை. சட்டத்தையே கேட்கப் போகிறார். சுடலையின் பெயரில் மனு. அதே சட்டத்தில் மாட்டிய இன்னொருவன் தனக்கு நடந்ததைப் பிரமாணமாக எழுதிக் கொடுத்தால் பலம் என்றார். அவர் முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். தமிழில் எழுதித் தந்தார். படித்துக் காட்டட்டுமா என்றார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு சாயங்காலம் படித்தேன். ஒரு இடத்தில் ஏழு வாரம் என்பதை ஆறு என்று போட்டிருந்தார்கள், கண்டுபிடித்துச் சொன்னேன். அப்போது நான் பட்ட பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஜெயிப்போமா என்று தெரியாது. போன தடவைபோல ஆளை விட்டுவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். சட்டம் சரிதான் என்றே சொல்லிவிடலாம். ஆனால் கேள்வி இந்தத் தடவை வராந்தாவில் நிற்காது.

வருகிற திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். பெருவிரல் இல்லை, கையெழுத்து. அதில் மகனிடம் பொய் சொன்னதும், மகன் முன்னால் வாய் திறக்காமல் நின்றதும் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே அது கோர்ட்டில் வாசிக்கப்படும். செம்பூர்க்காரர்கள் காதுக்குப் போகலாம். அவர்கள் முகம் சுளிக்கலாம், கல்யாணமே நிற்கலாம். அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் ஊர் வாயால் நீ கேட்பதற்கு முன் என் கையால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கும் டீச்சரம்மா கேட்டிருக்கிறார். உனக்குப் போய்ச் சேரட்டும், பத்து நாள் பொறுங்கள் என்றேன்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உன் வேலைத்துணியை டீக்கடையில் விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போகாதே. நீ எங்கே நிற்கிறாய், எதற்கு நிற்கிறாய் என்று அவளுக்குத் தெரியட்டும். பிள்ளை பிறந்தால், அதன் பார்வைக்குப் பயந்து ஒரு கம்பெனியைக் கட்டாதே. அது இடியும்போது பிள்ளையின் தலையில்தான் விழும். இன்னொன்று. ரயில்வே ஆபீசில் உன் மேசைக்கு முன்னால் நாள் முழுக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். சிலருக்கு எழுதத் தெரியாது, சிலருக்குப் பாஷை தெரியாது, சிலர் பயத்தில் உளறுவார்கள். அவர்கள் சொல்வது உனக்குத் திருப்தியாக இல்லை என்று தோன்றும்போது, உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் நீ தெளிவாகச் சொல். அதற்குப் பிறகு அவர்களிடம் கேள்.

பத்திரிகை மாதிரியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ஓரத்துக்குப் போய்விட்டது, அச்சடிக்கிறவருக்குப் புரியும். ஆனால் அச்சாபீசுக்கு நான் அனுப்பவில்லை. உனக்கே அனுப்புகிறேன். கல்யாணம் உன்னுடையது, எந்த வரி போக வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். நீ பழைய வரியையே அச்சடித்தாலும் நான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுவேன், கோபப்பட மாட்டேன். யாராவது கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்வேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு நேரந்தான் எழுதுவீரு, மண்ணெண்ணெய் தீந்துரும்" என்கிறாள். முடித்துவிடுகிறேன்.

உன் அப்பா,
வெள்ளையடிப்பவன்,
மாட்டுங்கா நாக்கா.
காலை ஏழு மணி முதல் அங்கே நிற்பேன்.